பனியை வரையாத ஓவியர்கள்: ஆன்ஹுய் மாகாணத்தில் ஒரு குளிர்காலப் பயணம்

ஞாயிறு, ஜிங்ஷியான்

தம்பி ஹாங்சோவில் மருத்துவம் படிக்கிறான். ஜனவரி கடைசியில் அவனுக்கு விடுமுறை. சீன மொழி நன்றாகவே பேசுகிறான். எனக்கோ சீன மைச்சித்திரங்கள் மேல் பல வருடப் பைத்தியம், அதிலும் குளிர்கால மலைகளை வரைந்த ஓவியங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். "வா அக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். கிளம்பிவிட்டேன்.

எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆன்ஹுய் மாகாணத்தின் தென்பகுதி. இந்த ஓவியங்களுக்கு வேண்டிய காகிதம், மை, மையரைக்கும் கல் எல்லாம் இந்த ஒரு வட்டாரத்தில் உருவாகின்றன. நூற்றாண்டுகளாக ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த ஹுவாங்ஷான் மலையும் இங்கேதான் நிற்கிறது.

முதலில் காகிதம். ஷுவான் காகிதம் என்று உலகம் முழுக்கப் பேர் பெற்றது இந்த ஜிங்ஷியான் வட்டாரத்தில் செய்யப்படுவதுதான். 2009இல் யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்தான் என்ற மரத்தின் பட்டையும் வைக்கோலும்தான் மூலப்பொருள். பட்டை நீளமான நாரைத் தருகிறது, வைக்கோல் மென்மையைத் தருகிறது. இரண்டையும் வேகவைத்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, கற்கள் பரப்பிய மலைச்சரிவில் மாதக்கணக்கில் வெயிலுக்கும் மழைக்கும் காட்டி வெளுக்க விடுகிறார்கள். நாங்கள் போனபோது ஒரு சரிவு முழுக்க வைக்கோல் பரப்பிக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு "பனி பெஞ்சிருக்கு" என்றான் தம்பி. பக்கத்தில் போனபிறகுதான் அது நாளைய காகிதம் என்று புரிந்தது.

பட்டறைக்குள் ஈரமும் குளிரும். ஒரு தொட்டியில் கூழ் கலந்த தண்ணீர். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மூங்கில் இழைகளால் பின்னிய தட்டியை இரு பக்கமும் பிடித்து ஒரே அசைவில் முக்கி எடுக்கிறார்கள். ஒருவர் மணிக்கட்டு கொஞ்சம் பிந்தினாலும் தாள் ஒரு பக்கம் தடித்துவிடும். அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. தண்ணீர் வடியும் சத்தத்தை வைத்தே அடுத்த அசைவு தொடங்குகிறது. காட்டுக் கிவிக் கொடியின் சாற்றைக் கூழில் கலக்கிறார்கள். அதனால்தான் ஈரத்தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பிறகு தனித்தனியாக உரிக்க முடிகிறது.

உரித்த தாளைச் சூடான சுவரில் ஒட்டி உலர்த்துகிறார்கள். ஒட்டித் தேய்க்கும் தூரிகை பைன் ஊசியிலைகளால் கட்டப்பட்டது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாளைக்கு ஓவியர் இந்தத் தாளில் பைன் மரம் வரையப்போகிறார். அவருக்கு முன்னாலேயே பைன் இந்தத் தாளைத் தடவிக் கொடுத்துவிட்டது என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

வெளுப்பு என்றால் பளீர் வெளுப்பு கிடையாது. லேசான பால் மஞ்சள் ஓடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே நார்கள் மேகமாகத் திரண்டு தெரியும். இந்த நிறம் முக்கியம். சீன மைச்சித்திரத்தில் பனி பெரும்பாலும் இந்தத் தாளின் நிறமேதான்.

திங்கள், துன்ஷி

காலையில் மை. மைப் பட்டறையில் வரிசையாக விளக்குகள். தூங் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் திரி எரிய, மேலே கவிழ்த்த கிண்ணத்தில் புகைக்கரி படிகிறது. அதை வழித்துச் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுப்பார்களே, அதே வேலைதான். பைன் கட்டையை எரித்து எடுக்கும் கரியும் உண்டு. அது பளபளப்பில்லாத கறுப்பு, லேசாக நீலம் ஓடும். எண்ணெய்க் கரி மினுங்கும்.

கரியோடு விலங்குப் பசையைச் சேர்த்து, மாவாகப் பிசைந்து, பட்டடையில் வைத்துச் சுத்தியால் அடிக்கிறார்கள். அடித்து அடித்து மடித்து, மறுபடியும் அடி. அடிப்பவரின் கை, முகம், மூக்குத் துவாரம்வரை கறுப்பு. அப்புறம் தராசில் நிறுத்து, பேரிக்காய் மரத்தில் செதுக்கிய அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் நிழலில் திருப்பிப்போட்டு உலர்த்த வேண்டும். இவ்வூர்ப் பக்கத்தில் பெயர் பெற்ற ஹு காய்வென் மை நிறுவனம் 1765இல் தொடங்கியது. இன்றும் அந்தப் பெயரில் மைக்கட்டிகள் விற்கிறார்கள்.

உலராத கட்டி ஒன்றை மூக்கருகே கொண்டுவந்து காட்டினார் ஒரு பெண்மணி. சட்டென்று பெருமாள் கோயில் தீர்த்தம் ஞாபகம் வந்தது. சந்தேகமே இல்லை, பச்சைக் கற்பூரம். பசை கெடாமல் இருக்கவும் வாசனைக்கும் அதைச் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தக் காலத்தில் உயர்ந்த கற்பூரம் சுமத்ராவின் பரூஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. அதே பரூஸில்தான் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழு வைத்த கல்வெட்டு. சீனாவின் சோங் அரசவையில் ஓவியர் குவோ ஷி மலைகளை வரைந்துகொண்டிருந்த அதே தலைமுறை. ஒரே காட்டில் வடித்த கற்பூரம் ஒரு பக்கம் காவிரிக்கரைக் கோயில்களுக்கும் இன்னொரு பக்கம் சீன வீடுகளுக்கும் போயிருக்கிறது. இதைத் தம்பியிடம் சொல்ல, அவன் அந்தப் பெண்மணிக்கு மொழிபெயர்க்க, அவர் எங்களுக்குச் சூடாகத் தேநீர் ஊற்றித் தந்தார்.

மாலையில் துன்ஷி பழைய வீதியில் ஒரு சிறு ஓவியக் கூடம். அங்கே இருந்த பெரியவர் பனி மலை வரைவது எப்படி என்று காட்ட ஒத்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் சிறந்தது இதுதான், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

மேசையில் கம்பளி விரிப்பு, அதன்மேல் தாள். கல்லில் நாலைந்து சொட்டு நீர் விட்டு, மைக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து வட்டமாக அரைத்தார். அவசரமே இல்லை. பிறகு தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, ஈரம் குறைந்த மையால் பாறையின் பக்கவாட்டுக் கோடுகளைப் போட்டார். பாறையின் உச்சியைத் தொடவே இல்லை. விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே கோடும் நின்றுவிடும். இடுக்குகளிலும் பள்ளங்களிலும் மட்டும் கொஞ்சம் வெளிறிய மை. மரங்களுக்கு வந்தபோது கிளையின் அடிப்பக்கத்தை மட்டும் வரைந்தார். மேல்பக்கம் காலி.

அரை மணி நேரத்தில் தாளில் இருந்தது ஒரு முடிக்காத கோட்டுச்சித்திரம். பனி எங்கும் இல்லை. "அவ்வளவுதானா?" என்று தம்பி என் காதில் கேட்டான்.

பெரியவர் அகலமான தூரிகையை எடுத்தார். தண்ணீரில் நிறைய கரைத்த மை, அதில் ஒரு துளி அவுரி நீலம். வானத்தின் மேல் மூலையிலிருந்து ஆரம்பித்து மலையின் விளிம்புவரை இழுத்துக்கொண்டே வந்தார். விளிம்பை ஒட்டி ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தினார். பின்னணி சாம்பல் ஆக ஆக, அதுவரை வெறும் தாளாக இருந்த உச்சிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. ஆற்றுக்கும் அதே சாம்பல் பூச்சு. கரை வெளுத்தது. தாளின் நிறம் துளியும் மாறவில்லை, அதன்மேல் ஒரு சொட்டு வெள்ளையும் விழவில்லை. ஆனால் கண்முன்னால் முழங்கால் ஆழத்துக்குப் பனி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனையோ வருடமாகப் புத்தகங்களில் படித்த விஷயம்தான். அது நடக்கும்போது பக்கத்தில் இருப்பது வேறு.

வெள்ளையைப் பயன்படுத்துகிறவர்களும் இருந்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் ஜாவ் கான் வரைந்த, ஆற்றங்கரையில் முதல் பனி விழும் நீண்ட சுருள் இப்போது தாய்பெய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வெள்ளைப் பொடியைத் தெறிக்கவிட்டுப் பனித்துகள்களை உண்டாக்கியிருக்கிறார். விழுந்துகொண்டிருக்கும் பனிக்கு அது பொருந்துகிறது. மலைமேல் தங்கிவிட்ட பனிக்கு வெறும் தாளை விட்டுவைப்பதே சரி என்பது என் கட்சி.

செவ்வாய், ஹுவாங்ஷான்

நேற்றிரவு மலையில் பனி பெய்திருக்கிறது. அதைவிட நல்ல செய்தி எங்களுக்கு வேறென்ன வேண்டும்? அடிவாரத்தில் காலணிக்கு அடியில் கட்டிக்கொள்ளும் இரும்பு முட்களை விற்கிறார்கள், கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். படிகள் எல்லாம் கல், கல்லின்மேல் பனி, பனி மிதிபட்டுக் கண்ணாடி ஆகியிருக்கும். செங்குத்தான சில பாதைகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். யுன்கு கேபிள் காரில் ஏறினோம். பாதி வழியில் மேகத்துக்குள் நுழைந்து, ஜன்னலில் எதுவும் தெரியாமல் போய், மேலே இறங்கும்போது வெப்பமானி மைனஸ் 7 காட்டியது.

ஹுவாங்ஷானில் பெயர் வைத்த சிகரங்கள் 72. தாமரைச் சிகரம்தான் உயரமானது, 1,864 மீட்டர். 747இல் தாங் பேரரசர் ஷுவான்சோங் இந்த மலைக்கு இப்போதைய பெயரை வைத்தார். 1990இல் உலக மரபுச் சின்னமானது. இதெல்லாம் நுழைவாயில் பலகையிலேயே இருக்கும்.

நான் பார்க்க வந்தது பாறையை. கருங்கல். மேலிருந்து கீழாக நேர்நேராகப் பிளந்திருக்கிறது. ஷிஷின் சிகரத்துக்குப் போகும் வழியில், கைப்பிடிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கச் சுவரை வெகுநேரம் பார்த்தேன். செங்குத்தான முகத்தில் பனி நிற்கவில்லை. அங்கே கல் கறுப்பாக அப்படியே இருந்தது. எங்கெல்லாம் ஒரு விரல் அகலத்துக்குத் திட்டு கிடைத்ததோ அங்கெல்லாம் பனி உட்கார்ந்திருந்தது. கோடைக்காலப் படங்களில் இந்தச் சுவர் ஒரே சாம்பல் திரளாகத் தெரியும். இப்போது ஒவ்வொரு பிளவும் படிக்கட்டும் தனித்தனியாக எழுந்து நின்றன. நேற்று பெரியவர் போட்ட கோடுகள் பனி நிற்க முடியாத இடங்களின் கோடுகள். ஓவியர் பனியை வரைவதே இல்லை, பனி எங்கே தங்கவில்லை என்பதை வரைகிறார். மீதி தானாக வந்துவிடுகிறது.

வானத்தையும் பார்த்தேன். பனிநாளில் வானம் மலையைவிட இருண்டிருக்கிறது. வெயில் ஊரில் வளர்ந்த எனக்கு வானம்தான் எப்போதும் வெளிச்சமான பகுதி. அதனால் இந்த ஓவியங்களின் சாம்பல் வானத்தை ஓர் அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சரிவின் விளிம்பில் கையை வைத்து மறைத்தும் எடுத்தும் பார்த்தால் தெரிகிறது, அந்தச் சாம்பல் கண்ணால் கண்டது.

பைன்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மலையின் பைன் தட்டையான தலையோடு, கல் இடுக்கில் வேரை விட்டுக்கொண்டு, பள்ளத்தின் பக்கம் கையை நீட்டி நிற்கிறது. ஒவ்வோர் ஊசியிலையிலும் உறைபனி. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒட்டவில்லை. காற்று வந்த திசையில் மட்டும், காற்றை எதிர்த்தே வளர்ந்து, வெண்சிறகு முளைத்திருக்கிறது. மேகத்துளிகள் இலையில் பட்டதும் உறைந்துவிடுவதால் இப்படி. நேற்று ராத்திரி காற்று எங்கிருந்து வந்தது என்று எந்த மரத்திடமும் கேட்டுக்கொள்ளலாம்.

வழியில் சுமை தூக்குபவர்கள். மூங்கில் காவடியின் இருபக்கமும் காய்கறி, அரிசி, விடுதிப் போர்வைகள். எதிரே வரும்போது எல்லாரும் சுவரோடு ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஒருவர் ஊன்றுகோலைக் காவடிக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்று மூச்சு வாங்கினார். தம்பி பேச்சுக் கொடுத்தான். பனிக்காலத்தில் ஏறுவது எளிது, வேர்க்காது, இறங்குவதுதான் கஷ்டம் என்றார். பழைய ஓவியங்களில் பெரிய மலைக்கு அடியில் சுமையோடு போகும் சின்னஞ்சிறு மனிதர்கள் இருப்பார்கள். தாய்பெயில் இருக்கும், சோங் காலத்து ஓவியர் ஃபான் குவானின் புகழ்பெற்ற ஓவியத்தில்கூடக் கீழே ஒரு கோவேறு கழுதை வரிசை. அவர்களை இனி அழகுக்காகப் போட்ட புள்ளிகளாக என்னால் பார்க்க முடியாது.

புதன், ஹுவாங்ஷான்

பெய்ஹாய் பக்கத்து விடுதியில் இரவு. விடியலில் சூரியன் வரவில்லை, மேகம் வந்தது. கூட்டத்தில் பாதி ஏமாற்றத்தோடு திரும்பிவிட்டது. நாங்கள் நின்றோம்.

மேகம் நகரும்போது ஒரு சிகரத்தின் நடுப்பகுதி காணாமல் போகிறது. உச்சி மட்டும் மிதக்கிறது. பிறகு உச்சி போய் அடி வருகிறது. குவோ ஷி மலையைப் பார்ப்பதற்கு மூன்று தூரங்களைச் சொன்னார்: அடியிலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்னாலிருந்து பின்மலைகளுக்குள் ஊடுருவிப் பார்ப்பது, அருகிலிருந்து தொலைவைச் சமமாகப் பார்ப்பது. ஒரே இடத்தில் நின்ற எங்களுக்கு ஒரு மணி நேரத்தில் மூன்றும் கிடைத்தன. நான்கு பருவ மலைகளையும் அவர் வர்ணித்திருக்கிறார். வசந்த மலை சிரிப்பதாகவும் குளிர்கால மலை தூங்குவதாகவும். எனக்கு இதில் ஒரு சின்ன மறுப்பு உண்டு. இன்று காலை நான் பார்த்த மலை நன்றாக விழித்திருந்தது.

பெய்ஹாய் அருகே தூரிகை வடிவில் ஒரு பாறைத் தூண், அதன் நுனியில் ஒரு பைன். கவிஞர்களின் கனவு என்றெல்லாம் கதை சொல்வார்கள். மூல மரம் எப்போதோ பட்டுப்போய், கொஞ்ச காலம் செயற்கை மரம் நின்று, இப்போது நட்டு வளர்த்த உயிர்மரம் இருக்கிறது. விருந்தினரை வரவேற்கும் பைன் என்று பெயர் பெற்ற மரத்தின் பக்கம் கூட்டம் தாங்கவில்லை, வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

மத்தியானம் மேகம் விலகி வெயில் அடித்ததும் மரங்களிலிருந்து உறைபனி உதிர ஆரம்பித்தது. அரை மணியில் பைன்கள் பச்சையாகிவிட்டன. நடந்தே இறங்கினோம். முழங்கால் இன்னும் பேசுகிறது.

வியாழன், ஷெஷியான்

ஓவியர் ஹொங்ரென் 1610இல் இந்த ஊர்ப்பக்கம் பிறந்தவர். 1644இல் மிங் ஆட்சி விழுந்தது. அடுத்து வந்த மஞ்சு ஆட்சியை ஏற்க மனமில்லாமல் தெற்கே ஃபூஜியான் மலைகளுக்குப் போய்ப் புத்தத் துறவியானார். பிறகு ஊருக்குத் திரும்பி, ஹுவாங்ஷானில் ஏறியிறங்கி வரைந்து, 1664இல் இறந்தார். லியான் ஆற்றுக்கு மேற்கே பியுன் சிகரத்தின் அடியில் அவர் சமாதி. அவருக்குப் பிரியமான பிளம் மரங்களை நண்பர்கள் அங்கே நட்டார்கள்.

இந்த மலையை வரைந்தவர்களில் எனக்கு இவர்தான் முதலில். இதே மலையை வரைந்த இன்னொரு ஓவியர் ஷிதாவின் ஹுவாங்ஷானில் மேகம் புரளும், ஈரம் சொட்டும். ஹொங்ரென் ஈரமே வைப்பதில்லை. உலர்ந்த மெல்லிய கோடு, பெட்டி பெட்டியாகப் பாறை, நடுவில் நிறைய வெறும் தாள். இப்படி ஒரு மலை இருக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் பனிக்காலத்தில் ஷிஷின் சிகரத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பாறையை அவர் எளிமைப்படுத்தவில்லை, நேரே பிளந்த கருங்கல் அப்படித்தான் இருக்கிறது. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய பனியோவியத்தின் அச்சுப்பிரதியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சமாதிக்குப் பக்கத்துக் கல்லில் விரித்துவைத்து, செவ்வாய்க்கிழமை எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். மேற்குப் பாறைகள் வெறுமையாக எழ, பின்னால் சாம்பல் வானம், இடுக்குகளில் பைன்கள். செங்குத்தான முகங்களில் கோடு, திட்டுகளில் தாள். "அக்கா, எல்லாமே இருக்கே" என்றான் தம்பி.

அவர் வரைந்த பனியில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. நாடு கைமாறிய காலத்தில், யாருக்கும் ஊழியம் செய்யாமல் ஒதுங்கி வாழ்ந்தவருக்கு இந்தப் பருவம் ஏன் பிடித்தது என்று கேட்க வேண்டியதில்லை. பிற்பாடு ஹுய்ஜோ (இந்த வட்டாரத்தின் பழைய பெயர்) வணிகர்கள் வீட்டில் ஹொங்ரென் ஓவியம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே வீட்டுக்காரரின் ரசனையை எடைபோட்டார்களாம்.

வெள்ளி, ஹாங்சோ

ரயிலில் திரும்பும்போது தம்பிக்கு வாங் வெய் கதையைச் சொன்னேன். தாங் காலத்துக் கவிஞர், பனிக்காட்சி ஓவியங்களின் முன்னோடி என்று போற்றப்படுபவர். பனிக்குள் வாழைமரம் நிற்பதாக வரைந்தார் என்று பதினோராம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோ எழுதிவைத்திருக்கிறார். பருவம் தவறிப்போச்சே என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஷென் குவோ அவர் பக்கம். மனத்தில் தோன்றியதைக் கை அப்படியே வரைந்தது, உருவப் பிழை தேடுகிறவருக்கு அது பிடிபடாது என்று வாதாடினார். தஞ்சாவூர்க்காரியான நான் அந்த வாழைக்காகவே வாங் வெய்யை நேசிக்கிறேன். மூல ஓவியம் காலத்தில் அழிந்துவிட்டது.

ஹாங்சோவில் சீஷியா குன்றுப் பக்கம் ஓவியர் ஹுவாங் பின்ஹொங் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு. அவருடைய பூர்வீகம் ஷெஷியான். ஹுவாங்ஷானில் பலமுறை ஏறியவர். ஹொங்ரெனுக்கு நேரெதிர்: மைமேல் மை, அதன்மேல் மை, மலை முழுக்கக் கறுப்பு. எண்பதைத் தாண்டிய வயதில் கண்புரை முற்றி, ஏறக்குறைய பார்வையில்லாமலே வரைந்தார். 1953இல் அறுவைசிகிச்சை நடந்து பார்வை திரும்பியது, 1955இல் காலமானார். அந்த இருட்டு மலைகளை அச்சில் கிட்டே வைத்துப் பார்த்தால், உள்ளே அங்கங்கே கடுகளவு தாள் மிச்சம் விட்டிருக்கிறார். அந்தப் புள்ளிகளை விரலால் மறைத்தால் மலை மூச்சு முட்டிப்போகிறது. வெறும் தாளை எவ்வளவு விடுகிறோம் என்பதைவிட எங்கே விடுகிறோம் என்பதுதான் கணக்கு என்று இவரும் ஹொங்ரெனும் ஒரே ஊர்க்காரர்களாக ஒத்துப்போகிறார்கள்.

ஷுவான் காகிதம் வாங்க நினைப்பவர்களுக்கு: மை ஊறிப் பரவும் பச்சைத்தாளும், படிகாரம் தடவி ஊறாமல் செய்த தாளும் தனித்தனி வகை. கேட்டு வாங்குங்கள். கெட்டி அட்டைக் குழாயில் சுருட்டித் தருவார்கள். மைக்கட்டியைப் பெட்டியோடு வைத்து, ஈரம் படாமல் கொண்டு வந்தால் போதும்.

மிச்சமிருப்பது தியான்ஜின். ஃபான் குவான் வரைந்ததாகச் சொல்லப்படும் பனிக்காட்டு ஓவியம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரமான பட்டு. பழைய பட்டு வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் இத்தகைய ஓவியங்களை எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். அது எப்போது காட்சிக்கு வரும் என்று அடிக்கடி பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்திருக்கிறேன். வந்தால் பரீட்சை இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.